சாயங்காலம் வரைக்கும் தொடாதீங்க

தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் பொய்தான் சொல்வார்கள். தண்ணியே படவில்லை, தானாகவே அணைந்துவிட்டது என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, சார்ஜ் போடும் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடி மேசைமேல் விழும். கடையில் போன் பழுது பார்க்கிறவள் அவள்தான். பின்மூடியைத் திறந்தால் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்துவிடும். சோப்பு காய்ந்திருந்தால் குளியலறை, உப்புப் பூத்திருந்தால் கடற்கரை. ஓட்டைக்குள் ஊசியை விட்டு நோண்டினால் வரும் அழுக்கை வைத்தே ஆள் தையல்காரரா தச்சரா என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக நோண்டுகிற கை. கடைக்கு 'போன் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தவர் அவள் கணவர். அன்றிலிருந்து தெருவே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

கணவருக்கு முன்பக்க வேலை. கவர் விற்பார், சார்ஜர் விற்பார், வருகிற போனை வாங்கிச் சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டைப் பற்றித்தான் வீட்டில் பாதிச் சண்டை. ஆள் பெயரை எழுதுவதற்கு அவருக்குக் கை வராது. போன் எப்படிக் கெட்டதோ அதுவே பெயர். 'வாளி', 'மழை', 'மாமியார் வீசியது' என்று எழுதி ஒட்டிவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம்பர் கேட்டால் வந்தவர் தன் நம்பரைச் சொல்வார், இவரும் எழுதிக்கொள்வார். அது எதிரே செத்துக் கிடக்கிற அதே போனின் நம்பர் என்பது இரண்டு பேருக்குமே உறைக்காது. இதுக்கு எப்படிங்க கூப்பிடுறது என்று அவள் கேட்காத நாள் கிடையாது, அடுத்த தடவை வேறு நம்பர் கேட்கிறேன் என்று அவர் சொல்லாத நாளும் கிடையாது. பத்து மணிக்குமேல் வியாபாரம் மந்தமானால் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிடுவார். கடைக்குள் லாரி புகுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஃபேன் நின்றால் மட்டும் அடுத்த நொடி கண் திறந்துவிடும்.

அன்று காலை அவள் முன்னால் இரண்டு போன் இருந்தன. ஒரே மாடல், ஒரே கறுப்பு. ஒன்றின் சீட்டில் 'வாளி', இன்னொன்றின் சீட்டில் 'வாஷிங் மெஷின்'. இப்படி ஒரே மாதிரி இரண்டு வந்தால் நடுவில் தடுப்பு வைத்த தட்டில் கழற்றிய சாமான்களைப் பிரித்து வைப்பாள். இடது பக்கம் வாளி, வலது பக்கம் வாஷிங் மெஷின். பேட்டரி மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கலாம்தான். போடுவதில்லை. இடது வலது தெரியாத கையா இது என்று ஒரு திமிர்.

வாஷிங் மெஷினுக்குள் துணியோடு துணியாகச் சுற்றிய போன் உள்ளே நன்றாக அடி வாங்கியிருந்தது. பசையிலிருந்து பேட்டரியைப் பெயர்த்தபோது அதன் ஒரு மூலை மடங்கியிருந்ததைப் பார்த்தாள். கூடவே அழுகப்போகிற பழத்தின் வாசனைபோல ஒரு தித்திப்பு மூக்கில் ஏறியது. அந்த வாசனை வந்தால் பேட்டரி உள்ளே கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் அதில் மின்சாரம் ஏற்றினால் வீங்கும், புகையும், கடைசியில் தீப்பிடிக்கும். வாசலில் இதற்கென்றே மணல் நிரப்பிய டின் இருக்கிறது, உடனே அதில் புதைக்க வேண்டும். ஆனால் கழற்றிய சாமானைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கடையை விட்டுப் போவதில்லை. அதிலும் இந்தப் போன்காரி ஒரு டியூஷன் டீச்சர். கெட்டுப்போனதைக் காட்டினால்தான் நம்புவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால் டாக்டரம்மா பேட்டரியை மடங்கிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டின் வலது பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். மாலையில் காட்டிவிட்டுப் புதைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வாளிக்காரன் கடையிலேயே நின்றான். முப்பது வயது இருக்கும். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு நேராக வந்தவன், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அவன் போனில் பெரிய சேதமில்லை. உள்ளே சர்க்யூட் தகட்டில் பூத்திருந்த பச்சைக் களிம்பை ஸ்பிரிட் தொட்ட பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தாள், காயவைத்தாள். பன்னிரண்டு மணி சுமாருக்குக் கரண்டு போனது. கணவர் விழித்துக்கொண்டு கடையின் இருட்டில் டார்ச்சைத் தேடினார். அவள் தட்டிலிருந்து பேட்டரியை எடுத்து ஒட்டி, மூடியைப் பொருத்தி, பட்டனை அழுத்தினாள். ஒரு சின்னப் பெண் குழந்தை இரண்டு பல் தெரியச் சிரிக்கும் படத்தோடு போன் விழித்துக்கொண்டது. நாலு சதவீதம் சார்ஜ் காட்டியது.

வழக்கமாக ஒரு மணி நேரம் கடையிலேயே சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். கரண்டு எப்போது வருமென்று தெரியவில்லை, அவனோ நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். அதனால் எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொல்லி அனுப்பினாள்.

"ஆஃப் பண்ணிட்டு சார்ஜ் போடுங்க தம்பி. நடுவுல எடுத்துப் பாக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் தொடாதீங்க."

"தொடவே மாட்டேன்க்கா," என்று அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு, போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றரை மணிக்கு டீச்சர் வந்தாள். புதுப் பேட்டரி போட்ட போனை வாங்கி நாலு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு, கெட்டுப்போனது எங்கே என்று கேட்டாள். அதற்குத்தான் காத்திருந்ததுபோல டாக்டரம்மா தட்டிலிருந்த பேட்டரியை எடுத்தாள். மூலை எப்படி மடங்கியிருக்கிறது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள்.

மூலை மடங்கவில்லை. நாலு மூலையும் புதுச் சீட்டுக்கட்டு மாதிரி நேராக இருந்தன. மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் வந்தது.

"இதுக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கு?" என்றாள் டீச்சர். குரலில் சந்தேகம் ஏறியிருந்தது.

டாக்டரம்மாவுக்கு அது காதில் விழவே இல்லை. அந்தப் பேட்டரி இங்கே இல்லையென்றால் அது இருக்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க, இந்தத் தட்டை யாராவது திருப்பினாங்களா?"

கணவர் தலையைச் சொறிந்தார். கரண்டு போனபோது டார்ச் தட்டுக்குப் பின்னால் கிடந்ததாம். எடுக்க வசதியாகத் தட்டைச் சுற்றித் திருப்பினாராம். அதற்கென்ன இப்போது என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

தட்டைத் திருப்பியது அவர்தான், ஆனால் பார்க்காமல் கையை நீட்டி எடுத்தது யார்? வாளிச் சீட்டைப் பிய்த்தெடுத்து அதிலிருந்த நம்பரை அழுத்தினாள். போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள், அதே குரல் வந்தது. மூன்றாவது தடவை அழுத்தும்போதுதான் புத்தியில் பட்டது. அணைத்து வை என்று சொன்னது அவள்தான். தொடாதே என்று சொன்னதும் அவள்தான். இந்த நேரம் அவன் சொன்ன சொல் தட்டாமல் அந்தச் சனியனைச் சார்ஜில் மாட்டிவிட்டு, ராத்திரி வேலை பார்த்த அசதியில் அடித்துப்போட்டது மாதிரி தூங்கிக்கொண்டிருப்பான். தூங்குகிறவர்கள் போனை எங்கே வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தலைமாட்டில்தான் வைப்பார்கள்.

மனசு தானாகக் கணக்குப் போட்டது. பன்னிரண்டேகாலுக்குப் போனான். ஒரு மணிக்குக் கரண்டு வந்ததும் சார்ஜில் போட்டிருப்பான். அந்த மாடலில் சார்ஜ் நிறைய மூன்று மணி நேரமாகும். கிழிந்த பேட்டரி பாதி நிறைந்திருக்கும்வரை சாதுவாகக்கூட இருக்கும், முழுசாக நிறையும்போதுதான் அதன் குணத்தைக் காட்டும். அப்படியானால் நாலு மணி. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தாறு.

அவன் வீடு எங்கே, யாருடைய ஆள், ஒன்றும் தெரியாது. கணவரும் கேட்டு வைக்கவில்லை. அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காலையில் அந்தப் போனைத் திறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஓட்டைக்குள் ஊசி விட்டபோது என்ன வந்தது? வெள்ளையாக வந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தாள், நகத்தால் நசுக்கினால் ரப்பர் மாதிரி இழுத்தது. லேசாகப் புளித்த வாசனை. ஸ்பீக்கர் வலையிலும் அதுவேதான் அடைத்திருந்தது. பிசைந்து பாதி காய்ந்த மாவு.

"ரொட்டி ஃபேக்டரிங்க," என்றாள். ராத்திரியில் மாவு பிசைகிற இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கணவர் கடை வாசல்வரை கூடவே ஓடிவந்து, டீச்சருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"ஆளைக் கண்டுபிடிச்சா பேட்டரியே சரியில்லன்னு சொல்லிடு. நம்ம மேல போட்டுக்காத."

அவள் வண்டியைக் கிளப்பினாள். சிக்னலில் நின்ற அரை நிமிஷம் அரை நாளாகத் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் அந்தப் பல் முளைத்த குழந்தைதான் வந்துகொண்டே இருந்தது. அதன் அப்பன் தலைமாட்டில் அதே படம், அதற்கடியில் மடங்கிய மூலை. கடவுளே, அவன் சொன்னதைக் கேட்காத ஆளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எத்தனையோ பேருக்குப் படித்துப் படித்துச் சொல்லியும் வீட்டுக்குப் போன அஞ்சாவது நிமிஷம் போனை எடுத்து விளையாடுவார்கள். இவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருக்கட்டும். ஆனால் தொடவே மாட்டேன்க்கா என்று சொன்ன குரலை நினைத்தாலே அவன் அந்த ரகம் இல்லை என்று தெரிந்தது.

ஃபேக்டரி வாசலில் காவல்காரர் நிதானமாக யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பெயர் தெரியாது என்றாள். எந்தப் பிரிவு என்றார். அதுவும் தெரியாது. உள்ளே விட முடியாது என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் கையிலிருந்த கசங்கிய சீட்டைப் பார்த்தாள். வாளி. வேறு வழியில்லாமல் அதையே சொன்னாள், நேற்று யாரோ வாளிக்குள் போனைப் போட்டுவிட்டாராமே என்று.

"அடடா, வாளியா?" காவல்காரர் முகம் மலர்ந்தது. "நேத்து ராத்திரியிலருந்து எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுறாங்க. பின்னால மஞ்சக் கட்டடம். மூணாவது மாடி, கடைசி ரூம்."

எத்தனை சண்டை போட்டிருப்பாள் அந்தச் சீட்டுக்காக. நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. மூன்று மாடியையும் ஓடியே ஏறினாள். நாலுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

கடைசி அறையின் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஓங்கித் தட்டினாள். பக்கத்தில் கம்பி வைத்த ஜன்னல், உள்ளே பழைய போர்வை தொங்கியது. கையை விட்டு விலக்கினாள். தரையில் வரிசையாக ஐந்து பேர் படுத்திருந்தார்கள், எல்லார் காதிலும் பஞ்சு, கண்ணுக்கு மேல் துண்டு. கடைசியில் சுவரோரமாக வாளிக்காரன். அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி வயர் நீட்டிய பிளக் பலகையும், அதில் மாட்டிய போனும் இருந்தன. போனின் கண்ணாடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் அகன்றதாகத் தோன்றியது. பயமா, நிஜமா, அவளால் சொல்ல முடியவில்லை.

கத்தினாள். தம்பி, தம்பி என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றிக் கதவில் அடித்தாள். ஒருவன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான். பகலில் தூங்கியே பழகியவர்களுக்குப் பகல் சத்தமெல்லாம் மரத்துப் போயிருக்கிறது. கீழே ஹாரன் அடிக்கிறது, பக்கத்தில் ஆணி அறைகிறார்கள், அதோடு இதுவும் ஒன்று. அவர்கள் தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபேன். அவளுக்குக் கணவர் ஞாபகம் வந்தது.

திரும்பி ஓடினாள். மாடிப்படி முனையில், மூடி உடைந்த மெயின் சுவிட்ச் பெட்டி. எந்தப் பிடி எந்த அறைக்கு என்று பார்க்க நேரமில்லை. இருந்த எல்லாவற்றையும் கீழே இழுத்தாள். அந்த மாடி முழுக்க ஒரு பெருமூச்சோடு அடங்கியது.

ஜன்னலுக்குத் திரும்புவதற்குள் உள்ளே ஒருவன் எழுந்து உட்கார்ந்து கரண்டு ஆபீசைத் திட்டிக்கொண்டிருந்தான். இரண்டாமவன் துண்டால் விசிறிக்கொண்டான். வாளிக்காரனும் கண்ணைத் திறந்தான். அவள் கத்தியதில் ஒருவன் பயந்துபோய்த் தாழைத் திறந்தான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். வயரைப் பிடுங்கினாள். மூலையில் சோப்பு வைத்திருந்த ரொட்டி சுடும் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, துண்டைச் சுற்றிய கையால் போனை அதற்குள் தள்ளினாள். துண்டையும் தாண்டிச் சுட்டது. அந்தத் தித்திப்பு வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

மொட்டை மாடிக்கு இன்னும் பதினாறு படி. ஏறும்போது தகரத்துக்குள் சீறுகிற சத்தம் ஆரம்பித்தது. மாடி நடுவில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். எட்டடி வந்திருப்பாள், வெள்ளைப் புகை பீய்ச்சி அடித்தது, உடனே ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. பின்னாலேயே ஏறிவந்த ஐந்து பேரும் படியிலேயே நின்றுவிட்டார்கள். நெருப்பு நாலைந்து தடவை வெடித்துப் பிறகு அடங்கியது. தகரம் கரியாகிவிட்டது.

அப்புறம் எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். அவர்களில் வயசில் மூத்தவன் கைகூப்பிவிட்டான். எந்தக் கடைக்காரர் இப்படி வீடு தேடி ஓடிவருவார், தெய்வம் மாதிரி வந்தீர்கள் என்றான். இன்னொருவன் இந்தக் கம்பெனிக்காரர்கள் போடுகிற பேட்டரியைத் திட்டினான். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. சொல்ல வேண்டிய பொய்யை அவர்களே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டினால் போதும். இடுப்பில் செருகியிருந்த அவள் போன் கணவர் பெயரைக் காட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் அதை எடுக்காமல் அணைத்தாள்.

"பேட்டரி மேல தப்பு இல்ல. நான்தான் மாத்தி வச்சேன்," என்றாள். "இது வேற ஒருத்தரோட கிழிஞ்ச பேட்டரி. பாக்காம எடுத்து உங்க போன்ல போட்டுட்டேன் தம்பி."

கூப்பிய கைகள் கீழே இறங்கின. எல்லாரும் வாளிக்காரனைப் பார்த்தார்கள். அவன் தூக்கம் கலையாத கண்ணோடு தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் மெதுவாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"சுட்டுச்சுக்கா," என்றான். "நடுவுல ஒரு தடவை முழிப்பு வந்துச்சு. கன்னத்துல அனல் அடிச்சுது. எடுத்துப் பாக்கலாம்னு கைய நீட்டினேன். நீங்க தொடாதீங்கன்னு சொன்னீங்களே. அதான் தலையைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் படுத்துட்டேன்."

அவன் குறை சொல்லவில்லை. சொன்னபடி நடந்துகொண்டேன் என்று தெரிவிக்கிற குரல்தான் அது. அவள் வெயிலில் காய்ந்த தரை என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்தாள். சுட்டால் எடுத்து வீசிவிடு தம்பி, யார் என்ன சொல்லியிருந்தாலும் வீசிவிடு என்று சொல்ல நிமிர்ந்தாள். அதற்குள் அவன் ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, குடிங்கக்கா என்று அவள் கையில் கொடுத்தான்.